புளி போட்டுத் தேய்த்த அண்டா

குரு என்றதும் உங்களுக்கு வெள்ளைத் தாடியும் ஆலமரத்தடியும் தோன்றினால் அதற்கு நான் பொறுப்பில்லை. இந்தக் குருவுக்கு வயது முப்பத்துநான்கு. பெயர் செங்கமலம். கோவில்பட்டிக்காரி. ஆஸ்திரேலியாவின் தென்கோடியில், ஹோபார்ட் நகரத்தில், வாரத்தில் ஆறு நாள் பஸ் ஓட்டுவாள். ஏழாம் நாள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகர ஷெட்டில் பீர் காய்ச்சுவாள். அந்த நாட்டில் தன் வீட்டுக்கு வேண்டியதைத் தானே காய்ச்சிக்கொள்ளலாம், யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள்.

சீடருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் கோமதிநாயகம். சங்கரன்கோவில் பக்கம். பம்புசெட் செய்கிற கம்பெனி ஒன்றில் முப்பத்தாறு வருஷம் தரம் பார்க்கிற வேலையில் இருந்துவிட்டு, மனைவி உலகம்மாளோடு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு மோட்டாரும் வெளியே போனதில்லை. கையெழுத்துப் போட்டதைவிடத் திருப்பி அனுப்பியதுதான் அதிகம் என்று அவரே பெருமையாகச் சொல்வார்.

செங்கமலம் அவருக்கு மகள் வயதுதான். ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார், வாங்க போங்க என்றுதான் பேசுவார். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயதைச் செருப்போடு வாசலில் விட்டுவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டது இது.

"டீச்சர், பீர் காய்ச்ச அலுமினியம் நல்லதா, எவர்சில்வர் நல்லதா?"

செங்கமலம் ஒரு பாட்டிலைத் திறந்து கிளாஸில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் நிதானமாகக் குடித்தார். நுரை வரைக்கும் விடாமல் குடித்தார்.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"அருமையா இருக்கு. இது எதுல காய்ச்சுனது?"

"குடிக்கும்போது தெரியலையா?"

"தெரியலையே."

"அப்ப விடுங்க" என்று கிளாஸை வாங்கிக் கழுவி வைத்தாள்.

சீடருக்கு இது பதிலாகப் படவில்லை. வீட்டுக்குப் போய் நோட்டில் 'குரு இன்னும் சொல்லவில்லை' என்று எழுதிக்கொண்டார். அந்த நோட்டின் ஒவ்வொரு பக்கமும் நடுவில் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டிருந்தது. இடது பக்கம் அலுமினியம், வலது பக்கம் எவர்சில்வர். அலுமினியம் சீக்கிரம் சூடேறும், அடி முழுக்க ஒரே சீராக ஏறும், தூக்க லேசு, விலை மலிவு. எவர்சில்வர் உறுதி, எந்தச் சோப்பும் போட்டுக் கழுவலாம், ஆனால் அங்கங்கே சூடாகி அடிப்பிடிக்கும். இப்படி இரண்டு பக்கமும் சரிசமமாக நிறைந்துகொண்டே போனதே தவிர, ஒரு பக்கம்கூடச் சாயவில்லை.

இரண்டாம் ஞாயிறு வேறு விதமாகக் கேட்டார்.

"டீச்சர், அலுமினியப் பாத்திரத்துல சமைச்சா ஞாபகசக்தி போயிரும்னு சொல்லுதாங்களே, உண்மையா?"

"உங்க வீட்டுல இட்லி எதுல அவிப்பாங்க?"

"கொப்பரையில."

"எது? பித்தளையா?"

"இல்ல, அலுமினியக் கொப்பரை. நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போதே வாங்குனது. எங்க அம்மை, தென்காசி ரோட்டுல ஒரு பாத்திரக்கடையில, ஆடித் தள்ளுபடியில..."

"ஞாபகம் நல்லாத்தான இருக்கு" என்றாள் செங்கமலம்.

மூன்றாம் ஞாயிறு அவர் சட்டைப் பையில் ஒரு காந்தத் துண்டோடு வந்தார். எங்கள் பக்கம் எவர்சில்வர் வாங்கப் போகிறவர்கள் காந்தம் கொண்டுபோவது உண்டு. ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு, ஒட்டினால் மட்டம். கோமதிநாயகம் தனக்கென்று ஓர் அண்டா வாங்க அந்த வாரம் முழுக்க ஹோபார்ட் கடைகளில் ஏறி இறங்கி, ஒவ்வொரு அண்டாவையும் விரல் மடக்கித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, காந்தத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். விற்கிற பெண்கள் தூர நின்று பார்த்திருக்கிறார்கள்.

"சைடுல ஒட்ட மாட்டேங்கு டீச்சர், அடியில மட்டும் ஒட்டுது. மேல யோக்கியன், கீழ அயோக்கியன். இது என்ன கூத்து?"

"கரண்ட் அடுப்புக்குன்னு அடியில வேற தகடு வச்சிருப்பான். ஒட்டுனா என்ன செய்வீங்க அண்ணாச்சி?"

"வாங்க மாட்டேன்."

"ஒட்டலன்னா?"

 மனுஷர் பொய் சொல்லத் தெரியாதவர்.

"இன்னொரு கடையில பாப்பேன்."

குரு சிரித்தாள். சீடரும் சிரித்தார். ஆனால் நாள் போய்க்கொண்டிருந்தது, அதுதான் சிரிக்கிற விஷயமாக இல்லை.

அவருடைய மகள் வடிவுக்கு மார்ச் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை நோவா அந்த ஊர்ப் பையன், மரவேலை செய்கிறவன். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். கல்யாண விருந்துக்கு வீட்டுப் பெரியவர்கள் ஆளுக்கொன்று தங்கள் கையால் செய்து கொண்டுவர வேண்டும். நோவாவின் அம்மா கேக் என்று சொல்லிவிட்டாள். பெரியப்பா புகையில் வாட்டிய மீன். உலகம்மாள் ஒரு நொடிகூட யோசிக்காமல் அதிரசம் என்றாள்.

"நீங்க என்னப்பா செய்வீங்க?" என்று வடிவு கேட்டாள்.

கோமதிநாயகத்துக்குச் சுடுதண்ணி வைக்கவும் தெரியாது. பொங்கலுக்கு ஊர்க்காரர்கள் கூடிய இடத்தில் செங்கமலம் கொண்டுவந்த பீரை ஒரு கிளாஸ் குடித்து அசந்துபோயிருந்தார். அந்த நினைப்பில் வாய் முந்திக்கொண்டது.

"பீர்."

உலகம்மாள் திரும்பி அவரைப் பார்த்தாள். அப்புறம் வடிவு சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதினாலு மாதத்துக்குப் பிறகு அப்பாவைப் பார்த்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். ஏன் பதினாலு மாதம் என்றால், நோவாவை வீட்டுக்குக் கூட்டிவந்து "இவரைத்தாம்ப்பா" என்று அவள் சொன்னபோது, "பாக்கலாம்" என்றார் கோமதிநாயகம். சொன்னபடியே பதினாலு மாதம் பார்த்தார். கடைசியில் சரி என்று சொன்னபோது வடிவு "சரிப்பா" என்றாளே தவிர, அவளுக்கு முகம் மலரவில்லை.

அந்தச் சிரிப்பை மறுபடி இழந்துவிடக் கூடாது. அவருடைய கவலையெல்லாம் அதுதான். பீர் ஒரு சாக்கு.

ஆனால் பீருக்குச் சாக்குப்போக்கு தெரியாது. வாளியில் இரண்டு வாரம் புளிக்க வேண்டும், பாட்டிலில் மூன்று வாரம் இருந்து தெளிய வேண்டும். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது வந்த சனிக்கிழமை சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே வடிவு கேட்டாள்.

"சட்டி வாங்கியாச்சாப்பா?"

"நாளைக்கு முடிவு பண்ணிருவேன்."

"முடியலன்னா விட்டுருங்கப்பா. கடையில வாங்கிக்கிடலாம். யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் ரொம்ப மெதுவாக, ஆறுதலாகச் சொன்னாள். இவரிடம் இனி எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டவளின் ஆறுதல் அது. கோமதிநாயகத்துக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உலகம்மாள் மட்டும், "கொள்ளுப்பேரன் கல்யாணத்துக்காவது சட்டி வந்துருமா?" என்று ஒரு போடு போட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே ஷெட்டில் இருந்தார். செங்கமலம் யூனிபார்மில் நின்றாள்.

"அண்ணாச்சி, டிரைவர் ஒருத்தனுக்கு மேலுக்கு முடியல. அவன் வண்டிய நான் எடுக்கணும். பன்னெண்டு மணிக்கு வந்துருவேன். பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட் எல்லாம் மேசையில இருக்கு. நம்ம அண்டா ரெண்டும் அந்தா இருக்கு, ஒண்ணு அலுமினியம், ஒண்ணு எவர்சில்வர்."

"நான் எதை..."

"எதையாவது எடுத்து அடுப்புல தண்ணி வச்சிருங்க. வீடு திறந்துதான் கிடக்கு, டீ போட்டுக் குடிங்க."

அவள் போய்விட்டாள். சீடர் இரண்டு அண்டாவுக்கும் நடுவில் நின்றார்.

எவர்சில்வர் அண்டா முகம் பார்க்கிற மாதிரி இருந்தது. அலுமினிய அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே முழுக்க ஒரே கருஞ்சாம்பல் நிறம். விரலால் தடவினார், வரவில்லை. நகத்தால் சுரண்டினார், அதற்கும் வரவில்லை. குருவின் பாத்திரம் இப்படியா இருப்பது! கோமதிநாயகம் வளர்ந்த வீட்டில் ஒரு பெண்ணின் குணத்தைப் பாத்திரம் தேய்ப்பதில் பார்ப்பார்கள், தெருவின் குணத்தைக் குடத்தின் பளபளப்பில் பார்ப்பார்கள். பாவம், தனியாக இருக்கிற பிள்ளை, வேலைக்கும் போய்க்கொண்டு எத்தனையைப் பார்ப்பாள் என்று அவருக்கு மனசு இளகியது. குருவுக்குச் சேவை செய்ய இதைவிட நல்ல சமயம் ஏது?

சமையலறையில் புளி இருந்தது, கல்லுப்பு இருந்தது, கம்பி நாரும் இருந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். புளியைக் கரைத்து உப்போடு சேர்த்து அப்பி, ஊற விட்டு, வலது கை வலித்தால் இடது கை, இடது கை வலித்தால் வலது கை என்று தேய்த்தார். ஓரத்தில் முதல் வெள்ளைக் கீற்று தெரிந்ததும் உற்சாகம் வந்துவிட்டது. சந்தோஷமான வேலை அது. எதையும் முடிவு செய்ய வேண்டாம், தேய்த்தால் போதும்.

பதினொன்றே முக்காலுக்கு அண்டா வெள்ளிக்காசு போல மின்னியது. எவர்சில்வரே பக்கத்தில் நிற்க வெட்கப்படும். அதைக் கவிழ்த்து, வாசலைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டார். அடுப்பில் தண்ணீர் வைக்கவில்லை என்பது அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை.

செங்கமலம் வந்தாள். அண்டாவை நிமிர்த்தி உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது யாரு செஞ்சது?"

"நான்தான் டீச்சர்" என்றார் அடக்கமாக. "சும்மா உக்காந்திருக்கதுக்கு..."

"என்ன போட்டுத் தேச்சீங்க?"

"புளியும் கல்லுப்பும். ஓரத்துக்கு மட்டும் கம்பி நாரு."

அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து அவரும் கொஞ்சம் சிரித்தார். அப்புறம் நிறுத்திக்கொண்டார்.

"அண்ணாச்சி, அந்தக் கருப்பு அழுக்கு இல்ல."

"பின்ன?"

"அதோட தோலு."

அவருக்கு விளங்கவில்லை.

"அலுமினிய அண்டா புதுசா வாங்குனதும், வெறும் தண்ணிய ஊத்தி ஒரு மணி நேரம் கொதிக்க விடணும். பளபளப்பு மங்கிச் சாம்பல் மாதிரி ஒரு படலம் பிடிக்கும். பீருக்குப் போடுத பார்லிக் கஷாயம் லேசாப் புளிப்பு. அந்தத் தோலு இருந்தா புளிப்பு உள்ள இருக்குத தகட்டத் தொடாது. இல்லாமப் போனா வாயில இரும்பு நக்குன மாதிரி ஒரு ருசி வரும். ஒரு தடவை எனக்கு வந்துச்சு. நாலு வருசமா இதைத் துணி வச்சு ஒத்தி எடுக்கதோட சரி. சோப்புகூடப் போட மாட்டேன்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. கோமதிநாயகத்துக்கு முகம் செத்துவிட்டது. முப்பத்தாறு வருஷம் அடுத்தவன் வேலையில் குற்றம் பார்த்த கை, குருவின் அண்டாவைக் கெடுத்துவிட்டு ஈரமாகத் தொங்கியது.

"நாலு வருசத்தையும் தேச்சு எடுத்துட்டேனே டீச்சர்."

"நல்லாத்தான் தேச்சிருக்கீங்க."

"அப்ப எவர்சில்வர்ல வச்சிருவோம். அதுக்கு இந்தத் தொல்லை இல்லைல்லா? தோலு கீலுன்னு ஒண்ணும் கிடையாது. நான் அப்பவே அதை எடுத்திருக்கணும்." பேசப் பேச அவருக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. தானாக ஒரு முடிவு வந்துவிட்டதே!

செங்கமலம் எவர்சில்வர் அண்டாவைச் சாய்த்துக் காட்டினாள். உள்ளே அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்புத் தழும்பு இருந்தது.

"இதுக்கும் தோலு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, அம்புட்டுத்தான் வித்தியாசம். முதல் வருசம் இதுல அடிப்பிடிச்சுட்டு. எவர்சில்வர்தான, என்ன செஞ்சாலும் தாங்கும்னு இரும்பு நாரு போட்டு ரெண்டு நாளு தேச்சேன். மூணாம் நாளு பாத்தா துரு. எவர்சில்வர்ல துரு! கடைக்காரன் ஏமாத்திட்டான்னு போய்ச் சண்டை போட்டேன். அவன் ஒண்ணுதான் கேட்டான்."

"என்ன கேட்டான்?"

"'என்ன போட்டுத் தேச்சீங்க?'ன்னு."

சீடர் புளி வாடை போகாத தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"மணி பன்னெண்டரை ஆகப்போகுது அண்ணாச்சி. அண்டாவும் ரெண்டு இருக்கு, அடுப்பும் ரெண்டு இருக்கு."

அவ்வளவு சொல்லிவிட்டு அவள் பார்லியை அளக்கப் போய்விட்டாள். எதை எடுக்க வேண்டும் என்று இந்தத் தடவையும் சொல்லவில்லை.

கோமதிநாயகம் அலுமினிய அண்டாவைத் தூக்கினார். அது சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. எவர்சில்வரை எடுத்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம் என்பது தெரியும். ஆனாலும் தான் அம்மணமாக்கியதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பதைத் தூக்கிக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. குழாயடியில் வைத்து விளிம்பு வரைக்கும் தண்ணீர் பிடித்தார். அடுப்பைப் பற்ற வைத்தார். கற்றுக்கொள்ள வந்து நாலு வாரத்தில் பீருக்காக அவர் செய்த முதல் காரியம் அது.

தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் மூடியைத் திறந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி திறந்தார்.

"தோலு ஒண்ணும் வரலையே டீச்சர்."

"பாத்துக்கிட்டே இருந்தா வராது. உக்காருங்க."

உட்கார்ந்தார். உட்கார முடியாமல் எழுந்தார். மறுபடி திறந்தபோது, நீர்மட்டத்தை ஒட்டி மெல்லிய மங்கல் கோடு ஒன்று தெரிந்தது. அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. யாரும் எதையும் பூசவில்லை, எதையும் போடவில்லை, வெறும் தண்ணீர். அந்தத் தகடு தன்னைத் தானே மூடிக்கொள்கிறது.

"இது எங்கருந்து வருது?"

"அதுக்குள்ள இருந்துதான்."

செங்கமலம் பார்லியை அரைக்கிற எந்திரத்தில் போட்டுச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"மாப்பிள்ளை எப்படி அண்ணாச்சி?"

"குறை ஒண்ணும் சொல்ல முடியாது."

"குறை இல்லன்னு எத்தனை நாள்ல தெரிஞ்சது?"

மனுஷர் பொய் சொல்லத் தெரியாதவர் என்று சொன்னேன் அல்லவா?

"மொத வாரத்துலயே தெரிஞ்சு போச்சு. சரின்னு சொல்லத்தான் பதினாலு மாசம்."

"மிச்சப் பதிமூணு மாசமும்?"

"பாத்துக்கிட்டே இருந்தேன்."

எந்திரம் நின்றது. அவர் சொல்லத் தொடங்கினார்.

"வந்த புதுசுல சனிக்கிழமை சனிக்கிழமை மீனு பிடிச்சுக் கொண்டாருவான். நல்ல மீனு. நான் செவுளத் தூக்கிப் பாப்பேன். எத்தனை மணிக்குப் பிடிச்சே, ஐஸுல எம்புட்டு நேரம் வச்சிருந்தே, தண்ணி ஆழம் என்னன்னு கேப்பேன். தப்பா ஒண்ணும் கேக்கலை டீச்சர். அவனும் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லுவான். ஒரு சனிக்கிழமை கொண்டாரலை. அதுக்குப் பிறகு கொண்டாரவே இல்லை. இப்ப வந்தா வணக்கம் சொல்லுதான், உக்காருதான், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுதான், போறான். ரொம்ப மரியாதை. வடிவும் அப்படித்தான் ஆயிட்டா. முன்னெல்லாம் எங்கிட்ட எதுத்துப் பேசுவா. இப்ப எல்லாத்துக்கும் சரிப்பா, சரிப்பா."

சொல்லி முடித்ததும் அண்டா மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. இந்தத் தடவை உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

இரண்டு மணி சுமாருக்குத் தண்ணீரைக் கொட்டினார்கள். உட்புறம் முழுக்க மழை மேகத்தின் சாம்பல் நிறம் பிடித்திருந்தது. பழைய கருப்பு இல்லை, ஆனால் பளபளப்பும் இல்லை. செங்கமலம் விரலால் தொட்டுப் பார்த்து, "போதும்" என்றாள். அப்புறம் வேலை ஓட்டமாக ஓடியது. வெந்நீரில் பார்லியை ஊறவைத்து, இனிப்பு இறங்கியதும் வடித்து, அந்தக் கஷாயத்தை அதே அண்டாவில் கொதிக்கவிட்டு, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டார்கள். ஷெட் முழுக்கக் கசப்பும் பூவும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. அவர் அடிக்கடி கேள்வி கேட்டார், அவள் பாதிக்குப் பதில் சொன்னாள்.

ஐந்தரை மணிக்கு அடுப்பை அணைத்து, கஷாயத்தை ஆற வைத்திருந்த நேரம் போன் வந்தது. வடிவு.

"முடிஞ்சதாப்பா?"

"ஆறிக்கிட்டு இருக்கு."



"எதுப்பா ஆறுது?"

"பீரு. நம்ம பீரு. ஈஸ்ட் மட்டும் போடணும்."

"நெசமாவா?" என்றாள் வடிவு. அந்த ஒரு வார்த்தையில் அவள் சின்னப்பிள்ளையில் பேசிய குரல் இருந்தது. உடனே அது போய்விட்டது. "சரிப்பா. எனக்கு வேலை இருக்கு, நோவா வந்து கூட்டிட்டு வருவாரு. ஆறு மணிக்கு."

போனை வைத்துவிட்டு அவர் அப்படியே நின்றார். வெளியே இன்னும் நல்ல வெயில்.

"மாப்பிள்ளையா வாராரு?" என்றாள் செங்கமலம்.

"ஆமா. ஆனா உள்ள வர மாட்டான். வண்டிய ரோட்டுலயே நிப்பாட்டிட்டு எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பான். நான் ஏறுனதும் பெல்ட்டு போட்டாச்சான்னு கேப்பான். வீடு போற வரைக்கும் அம்புட்டுத்தான் பேச்சு."

ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாளியில் தூவினார்.  மூடியை அழுத்தி மூடியதும், காலி அண்டாவைக் கழுவ எடுத்துப் போனார். பழக்கதோஷத்தில் கை நாரைத் தேடியது. பிறகு நாரை விட்டுவிட்டு, ஒரு பழைய பனியன் துணியை எடுத்து நனைத்து, உள்ளே மெதுவாக ஒத்தினார்.

தெருவில் ஒரு கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஹார்ன் அடிக்கவில்லை. கதவு திறக்கிற சத்தமும் இல்லை.

கோமதிநாயகம் துணியைக் கையில் வைத்துக்கொண்டு தெருப்பக்கம் பார்த்தார். குருவின் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"டீச்சர், இதைக் கொதிக்க வச்சுத் தோலைத் திரும்பக் கொண்டாந்துட்டோம். அடுப்புல ஏத்த முடியாததா இருந்தா என்ன செய்யது?"

செங்கமலம் அவர் கையில் இருந்த துணியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"அதுக்கும் வரும் அண்ணாச்சி. காத்துப் பட்டாலே வரும். தேய்க்குத கைய மட்டும் எடுத்துறணும்."